ஒரு சொட்டு ரத்தமும் ஒரு மாட்டு வம்சமும்

(இரண்டாம் ஆண்டு, இன்ஸ்ட்ருமென்டேஷன் அண்ட் கன்ட்ரோல் பிரிவு)

முன்னுரை

"விளையும் பயிர் முளையிலே தெரியும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். தெரியும் என்பது சரிதான். எதைப் பார்த்தால் தெரியும் என்பதுதான் கேள்வி. நெல்லுக்கு முளையைப் பார்க்கலாம். ஒரு காளைக் கன்றுக்கு எதைப் பார்ப்பது? அது வளர்ந்து, அதற்குக் கன்றுகள் பிறந்து, அந்தக் கன்றுகளும் வளர்ந்த பிறகுதான் "இது நல்ல வம்சம்" என்று உறுதியாகச் சொல்ல முடியும். அதற்குள் நாலைந்து வருஷம் ஓடிப்போய்விடும்.

அமெரிக்கா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில் இறைச்சிக்காகவே மாடு வளர்க்கும் பெரிய பண்ணைகள் உண்டு. நம்ம ஊர் பிராய்லர் கோழிப்பண்ணை மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பண்ணைக்காரருக்குப் பாலில் வருமானம் இல்லை. கன்று எவ்வளவு சீக்கிரம் எடை போடுகிறது, அதற்கு எவ்வளவு தீனி தின்கிறது, தாய்ப்பசு தவறாமல் சினை பிடிக்கிறதா, இந்த மூன்றுதான் அவருடைய கணக்கு. மந்தைக்கு அப்பனாகப் போகும் பொலிகாளையைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால், அந்த ஒரு தவறு நூற்றுக்கணக்கான கன்றுகளில் போய் நிற்கும்.

அதனால்தான் 1980களின் கடைசியிலிருந்து விஞ்ஞானிகள் ஒரு வழியைச் சோதித்துப் பார்த்தார்கள். இளம் கன்றின் ரத்தத்தில் உள்ள ஹார்மோன் அளவைப் பார்த்து வம்சத்தைத் தேர்ந்தெடுக்க முடியுமா? அந்த முயற்சியில் உள்ள கணக்கு என்ன, எங்கே பலித்தது, எங்கே சறுக்கியது என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

"மாடு பற்றிய கட்டுரை பாலிடெக்னிக் மலரில் எதற்கு?" என்று நண்பர்கள் கேட்கலாம். நம்ம பாடத்தில் மறைமுக அளவீடு என்று ஒன்று படிக்கிறோம். 1000 டிகிரி உலைக்குள் வீட்டுத் தெர்மாமீட்டரை விட முடியாது. தெர்மோகப்பிளை வைத்து, அது தரும் மில்லிவோல்ட்டைப் படித்து, அதிலிருந்து வெப்பநிலையைச் சொல்கிறோம். அளப்பது ஒன்று, தெரிந்துகொள்வது இன்னொன்று. மாட்டு ரத்தத்தில் ஹார்மோன் பார்ப்பதும் அச்சு அசல் இதே வேலைதான்.

ஹார்மோன் என்றால் என்ன?

உடம்பின் ஓர் இடத்தில் சுரந்து, ரத்தத்தில் கலந்து, வேறோர் இடத்துக்குச் சென்று "இதைச் செய்" என்று கட்டளையிடும் வேதிப்பொருளே ஹார்மோன். இங்கிலாந்து உடலியல் அறிஞர் எர்னஸ்ட் ஸ்டார்லிங் 1905இல் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். கன்ட்ரோல் சிஸ்டம் பாஷையில் சொன்னால், இது கம்பி இல்லாமல் ரத்தத்தில் ஓடும் ஒரு சிக்னல்.

இந்த சிக்னல் மிக மிகச் சிறியது. நானோகிராம் கணக்கில்தான் அளப்பார்கள். ஒரு கிராமை 100 கோடி பங்காகப் பிரித்தால் அதில் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம். இவ்வளவு சிறியதை அளக்கும் கருவி ரொம்ப காலம் இல்லை. அமெரிக்காவில் ரோசலின் யாலோ, சாலமன் பெர்சன் என்ற இருவரும் 1950களின் இறுதியில் ரேடியோ இம்யூனோ அஸே என்ற முறையை உருவாக்கிய பிறகுதான் அது முடிந்தது. யாலோவுக்கு 1977இல் நோபல் பரிசு கிடைத்தது. பெர்சன் 1972லேயே இறந்துவிட்டதால் அவருக்குக் கிடைக்கவில்லை.

இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஹார்மோன் என்றாலே பலருக்கு ஊசிதான் ஞாபகம் வரும். மாடு சீக்கிரம் கொழுக்க ஹார்மோன் கொடுக்கும் வழக்கம் அமெரிக்காவில் உண்டு. அப்படி வளர்த்த மாட்டின் இறைச்சியை ஐரோப்பிய நாடுகள் 1989 முதல் இறக்குமதி செய்ய விடவில்லை. அது வேறு விவகாரம். இந்தக் கட்டுரையில் யாரும் எந்த மாட்டுக்கும் எதையும் போடுவதில்லை. மாட்டின் உடம்பு தானாகச் சுரப்பதை அளந்து பார்ப்பது மட்டும்தான்.

எந்த ஹார்மோனை அளப்பது?

வளர்ச்சியைப் பற்றித் தெரிந்துகொள்ள வளர்ச்சி ஹார்மோனையே அளந்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, வளர்ச்சி ஹார்மோனைச் சீராக விடுவதில்லை. விட்டு விட்டு அலை அலையாகத்தான் விடும். இப்போது எடுத்த ரத்தத்தில் அதிகமாக இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து எடுத்தால் மிகக் குறைவாக இருக்கும். ஒரே ஒரு தடவை ரத்தம் எடுத்து இந்த மாடு உசத்தி, அந்த மாடு மட்டம் என்று சொன்னால் அது குருட்டாம்போக்கு.

வளர்ச்சி ஹார்மோன் கல்லீரலுக்குப் போய் அங்கே இன்னொரு பொருளைச் சுரக்க வைக்கிறது. அதன் பெயர் இன்சுலின் லைக் குரோத் ஃபேக்டர் 1. சுருக்கமாக ஐஜிஎஃப் 1. 70 அமினோ அமிலங்கள் கோத்த சிறிய புரதம். இப்படி ஒரு பொருள் இருக்க வேண்டும் என்று 1957இல் சால்மன், டாகடே என்ற இருவர் கண்டுபிடித்தார்கள். அதன் முழு அமைப்பை 1978இல் ரிண்டர்க்னெக்ட், ஹம்பெல் என்ற இருவர் வெளியிட்டார்கள். எலும்பும் தசையும் வளர்வதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.

ஐஜிஎஃப் ரத்தத்தில் தனியாகச் சுற்றுவதில்லை. பெரும்பகுதி வேறு புரதங்களோடு ஒட்டிக்கொண்டே இருக்கும். அதனால் சீக்கிரம் அழியாது. ஒரு நாளுக்குள் அதன் அளவு பெரிதாக ஏறி இறங்குவதும் இல்லை.

நம்ம லேபில் ரெக்டிஃபையர் செய்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். டயோடிலிருந்து வெளியே வருவது மேடு பள்ளமான அலை. கெப்பாசிட்டர் போட்டதும் அது ஏறக்குறைய நேர்கோடாகிவிடும். வளர்ச்சி ஹார்மோன் அந்த அலை என்றால், ஐஜிஎஃப் கெப்பாசிட்டருக்குப் பிறகு கிடைக்கும் கோடு. மீட்டரை எங்கே வைக்க வேண்டும் என்று இப்போது தெரிகிறது இல்லீங்களா?

மூன்று கேள்விகள்

எந்த அடையாளத்தை வைத்து வம்சத்தைத் தேர்ந்தெடுத்தாலும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

1. அளவு நிலையானதா? இன்று ஒன்று, நாளை ஒன்று என்று காட்டினால் பயனில்லை.
2. அது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருகிறதா?
3. நமக்கு வேண்டிய குணத்தோடு அதற்கு மரபில் தொடர்பு உண்டா?

மூன்றுக்கும் "ஆம்" வந்தால்தான் அந்த அடையாளம் பாஸ். இரண்டுக்கு மட்டும் வந்தால் ஃபெயில்தான்.

உதாரணத்துக்கு நம்ம ஊர் சுழியை எடுத்துக்கொள்வோம். எங்க தாத்தா சந்தைக்குப் போனால் மாட்டின் பல்லைப் பார்ப்பதற்கு முன்னாலேயே சுழியைத்தான் பார்ப்பார். சுழி ஆயுசு முழுக்க மாறாது. ஆக முதல் கேள்வியில் அது பாஸ். ஆனால் இந்தச் சுழி இருந்தால் குடும்பத்துக்கு ஆகாது என்பதெல்லாம் மூன்றாவது கேள்வியில் நிற்காது. அதற்காகச் சுழியே சும்மா என்று தள்ளிவிடவும் முடியாது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டெம்பிள் கிராண்டினும் அவருடன் வேலை செய்தவர்களும் இதைச் சோதித்து 1995இல் வெளியிட்டார்கள். நெற்றிச் சுழி கண்ணுக்கு மேலே உயரமாக இருக்கும் மாடுகள், பிடித்துக் கட்டும்போது அதிகமாக மிரளுகின்றன என்று கண்டார்கள். அதாவது சுழிக்கும் மாட்டின் குணத்துக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறது, மாட்டுக்காரரின் அதிர்ஷ்டத்துக்கு இல்லை. பழசு என்பதால் தள்ளவும் கூடாது, புதுசு என்பதால் கொள்ளவும் கூடாது. சோதித்துப் பார்க்க வேண்டும். ஹார்மோனுக்கும் இதே விதிதான்.

ஓஹியோவில் நடந்த சோதனை

முதல் இரண்டு கேள்விகளுக்கு விடை தேடியவர்களில் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கேல் டேவிஸும், அவருடன் ஆய்வு செய்த ரோசாலியா சிம்மனும் முக்கியமானவர்கள். கிழக்கு ஓஹியோவில் உள்ள பல்கலைக்கழகத்தின் பண்ணையில் 1989இல் ஆரம்பித்தார்கள். கறுப்பு நிற ஆங்கஸ் இனப் பசுக்கள் 200ஐ எடுத்து, எந்தப் பசு எந்தப் பக்கம் என்று பார்க்காமல் இரண்டு அணியாகப் பிரித்தார்கள். ஓர் அணியில் ஐஜிஎஃப் அதிகமுள்ள காளைகளையே சேர்ப்பது. மற்ற அணியில் ஐஜிஎஃப் குறைந்த காளைகளையே சேர்ப்பது. தலைமுறை தலைமுறையாக இப்படியே செய்துகொண்டு போனார்கள்.

பால்குடி மறந்த கன்றுகளை 140 நாள் ஒரே மாதிரி தீனி கொடுத்து வளர்த்தார்கள். அதில் 28ஆம் நாள், 42ஆம் நாள், 56ஆம் நாள் என்று மூன்று தடவை ரத்தம் எடுத்து, சராசரியைக் கணக்கில் வைத்தார்கள். ஒரு ரீடிங்கை நம்பாமல் மூன்று ரீடிங் எடுத்துச் சராசரி போடு என்று நம்ம லேபில் திரும்பத் திரும்பச் சொல்கிறார்களே, அதேதான்.

என்ன ஆயிற்று? வருஷம் ஏற ஏற இரண்டு அணிகளின் ரத்த அளவும் விலகிப் போயிற்று. ஆக ஐஜிஎஃப் பரம்பரையாக வருகிறது என்பது நிரூபணமாயிற்று. அதன் மரபுத்திறன் 0.4 முதல் 0.5 வரை என்று கணக்கிட்டார்கள். ஆனால் எடையோடு அதற்குள்ள மரபுத் தொடர்பு அவ்வளவு பலமாக இல்லை. "ஐஜிஎஃப் கூடினால் எடையும் கூடும்" என்ற எளிய நேர்கோடு கிடைக்கவில்லை.

மரபுத்திறன் என்பது என்ன?

மந்தையில் மாட்டுக்கு மாடு வித்தியாசம் இருக்கும். அந்த வித்தியாசத்தில் எவ்வளவு பங்கு மரபால் பிள்ளைக்குப் போகும் என்பதைச் சொல்லும் எண்தான் மரபுத்திறன். 0 என்றால் ஒன்றும் போகாது. 1 என்றால் முழுக்கப் போகும். சூத்திரம் மிகவும் சுலபம்:

அடுத்த தலைமுறை முன்னேற்றம் = மரபுத்திறன் × தேர்வு வித்தியாசம்

கணக்குக்காக எண்களை நாமே எடுத்துக்கொள்வோம். மந்தையின் சராசரி ஐஜிஎஃப், ஒரு மில்லிலிட்டருக்கு 300 நானோகிராம். தேர்ந்தெடுத்த காளைகளின் சராசரி 400. பசுக்களைத் தேர்ந்தெடுக்கவில்லை, அவை 300. பெற்றோர் சராசரி 350. தேர்வு வித்தியாசம் 50. மரபுத்திறன் 0.4 என்றால் முன்னேற்றம் 20. கன்றுகளின் சராசரி 320 ஆகும். அப்பன் 400 ஆச்சே, பிள்ளை ஏன் 400 இல்லை என்று கேட்கக் கூடாது. பாதி தாயிடமிருந்து வருகிறது. மீதியிலும் ஒரு பங்கு தீனியாலும் சூழ்நிலையாலும் வந்தது; அது பிள்ளைக்குப் போகாது.

இந்தக் கடைசி வரியை ரொம்பக் கவனமாகப் படிக்க வேண்டும். ஐஜிஎஃப் தீனிக்குத் தகுந்தபடி மாறும். பட்டினி கிடக்கும் கன்றின் ரத்தத்தில் ஐஜிஎஃப் இறங்கிவிடும். வயசு, காளையா கிடாரியா என்பதைப் பொறுத்தும் மாறும். அப்படியானால் வறட்சிக் காட்டில் மேய்ந்த கன்றையும் கொட்டிலில் வயிறாரத் தின்ற கன்றையும் பக்கத்தில் நிறுத்தி, இரண்டின் ரத்தத்தையும் எடுத்து, "இது நல்ல வம்சம், அது மட்டமான வம்சம்" என்று எழுதினால் என்ன ஆகும்? அது வம்சத்தை அளந்ததாகாது. தீவனத் தொட்டியை அளந்ததாகும். அதனால்தான் ஒரே பண்ணை, ஒரே பருவத்தில் பிறப்பு, ஒரே தீனி, ஒரே பாலினம் என்று சேர்த்து, அந்தக் கூட்டத்துக்குள் மட்டும்தான் ஒப்பிடுவார்கள். கூட்டத்துக்குள் மரபுத்திறன் எவ்வளவு அதிகமாக இருந்தாலும், இரண்டு கூட்டத்துக்கு நடுவில் உள்ள வித்தியாசம் மரபால் வந்தது என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. ஒரே மூட்டை விதைநெல்லை ஆற்றுப் பாசன வயலில் பாதியும் வானம் பார்த்த பூமியில் பாதியும் விதைத்தால் விளைச்சல் ஒன்றாகவா இருக்கும்? விதை மேல் என்ன குற்றம்?

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். "படிப்பெல்லாம் ரத்தத்துல வரணும்" என்று என் காதுபடவே சொன்னவர்கள் உண்டு. அன்றைக்கு அவர்களுக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது. நான் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்த வயசில் எங்க அப்பா செங்கல் சூளையில் மண் சுமந்துகொண்டிருந்தார். மாட்டு ரத்தத்தையே ஒரே தீனி கொடுக்காமல் ஒப்பிடக் கூடாது என்று விஞ்ஞானிகள் விதி வைத்திருக்கிறார்கள். மனுஷ ரத்தத்தை மட்டும் தீனியைக் கேட்காமல் எப்படி ஒப்பிடுவது?

தீனிக் கணக்கும் ஒரு குறுக்கு வழியும்

மூன்றாவது கேள்விக்கு வருவோம். இறைச்சி மாட்டுப் பண்ணையில் செலவின் பெரும்பகுதி தீனிதான். இரண்டு காளைகள் ஒரே எடை, ஒரே வேகத்தில் வளர்கின்றன. ஒன்று தினமும் 10 கிலோ தின்கிறது, இன்னொன்று 9 கிலோதான். இரண்டாவதுதான் லாபம். ஒரு மாடு அதன் எடைக்கும் வளர்ச்சிக்கும் எவ்வளவு தின்ன வேண்டும் என்று கணக்கிட்டு, உண்மையில் தின்றதிலிருந்து அதைக் கழித்தால் வருவது நிகரத் தீனி. மைனஸில் வந்தால் சிக்கனமான மாடு. அமெரிக்காவில் கோக் என்பவரும் அவர் குழுவினரும் 1963இல் தந்த கணக்கு இது.

இதுவும் பரம்பரையாக வருகிறது, மரபுத்திறன் 0.4 பக்கம். ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து டிராங்கி ஆராய்ச்சிப் பண்ணையில் 1990களில் ஆங்கஸ் மாடுகளை இதை வைத்தே இரண்டு அணியாகப் பிரித்து வளர்த்தார்கள். சில ஆண்டுகளிலேயே இரண்டு அணிக்கும் தினசரித் தீனியில் 1 கிலோவுக்கு மேல் வித்தியாசம் வந்தது. ஒரு வயதில் எடையோ ஏறக்குறைய ஒன்றுதான். எவ்வளவு பெரிய லாபம் பாருங்கள்!

ஆனால் இதை நேரடியாக அளப்பது பெரும்பாடு. 21 நாள் புதுத் தீனிக்குப் பழக்க வேண்டும். பிறகு 70 நாள் ஒவ்வொரு மாடும் தினமும் தின்றதைத் தனித்தனியாக நிறுத்து எழுத வேண்டும். இடம், ஆள், கருவி எல்லாம் செலவு. ஆகவே ஒரு சொட்டு ரத்தத்தில் குறுக்கு வழி கிடைத்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

குறுக்கு வழி நேர்வழியைவிட நல்லதாகக்கூட இருக்கலாம். எப்படி என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு பண்ணைக்கும் 10 காளைகள் தேவை. இரண்டு அளவுக்கும் மரபுத்திறன் ஒன்றே என்று வைத்துக்கொள்வோம்.

முதல் பண்ணைக்காரர் செலவுக்குப் பயந்து 20 காளைகளை மட்டும் தீனிச் சோதனையில் விடுகிறார். பாதியைத் தேர்ந்தெடுக்கிறார். பாதியைத் தேர்ந்தெடுத்தால் தேர்வுச் செறிவு என்ற எண், புள்ளியியல் அட்டவணைப்படி 0.80.

இரண்டாமவர் அதே செலவில் 100 காளைகளின் ரத்தத்தைச் சோதிக்கிறார். நூற்றுக்குப் பத்தைத் தேர்ந்தெடுக்கிறார். செறிவு 1.76. ஆனால் அவர் அளப்பது ஐஜிஎஃப். வேண்டியது தீனிச் சிக்கனம். எனவே இரண்டுக்கும் உள்ள மரபுத் தொடர்பால் பெருக்க வேண்டும்.

தொடர்பு 0.5 என்றால்: 1.76 × 0.5 = 0.88. முதல் பண்ணையை ஜெயித்துவிட்டார்.
தொடர்பு 0.2 என்றால்: 1.76 × 0.2 = 0.35. பாதிகூட இல்லை.
தொடர்பு மைனஸ் 0.2 என்றால்: மைனஸ் 0.35. காசும் கொடுத்து, மந்தையையும் கெடுத்துக்கொண்டார்!

மூன்று வரியிலும் ரத்தப் பரிசோதனை ஒன்றேதான். லேப் ஒன்றே, ஆள் ஒன்றே, மீட்டரின் துல்லியம் ஒன்றே. மாறியது மரபுத் தொடர்பு என்ற ஒரே ஓர் எண். தலையெழுத்தையே மாற்றுவது அந்த எண்தான்.

ஆஸ்திரேலியாவின் அனுபவம்

இது வெறும் ஏட்டுக் கணக்கு இல்லை, உண்மையிலேயே நடந்தது. டிராங்கியிலும் பிற இடங்களிலும் பார்த்தபோது, ஐஜிஎஃப் குறைவாக உள்ள கன்றுகளே தீனிச் சிக்கனமான வம்சமாகத் தெரிந்தன. நாம் நினைப்பதற்கு நேர்மாறாக, இங்கே குறைந்த எண்ணே நல்ல எண். பண்ணைக்காரர்கள் கன்றின் ரத்தத்தை ஒரு சொட்டு காகித அட்டையில் எடுத்து அனுப்பினால் போதும் என்ற அளவுக்கு வசதி வந்தது. 2002 முதல் 2004 வரை ஆயிரக்கணக்கான ஆங்கஸ் கன்றுகளை அளந்தார்கள். மரபுத்திறனும் நன்றாக இருந்தது, தீனியோடு தொடர்பும் நம்பிக்கை தருவதாக இருந்தது. அந்நாட்டின் மாட்டு வம்ச மதிப்பீட்டுத் திட்டமான ப்ரீட்பிளானில் தீனிச் சிக்கனத்தைக் கணிக்க ஐஜிஎஃப் எண்ணையும் சேர்த்துப் பார்த்தார்கள்.

ஆனால் மேலும் மேலும் மாடுகளின் விவரம் சேரச் சேர, தொடர்பு மங்கியது. 2009இல் வந்த ஆய்வில், பால்குடி மறந்த பருவத்தில் அளந்த தீனியோடு ஐஜிஎஃப்புக்குச் சிறிய தொடர்புதான் தெரிந்தது. வளர்ந்த மாடுகள், கொழுக்க வைக்கும் கொட்டிலில் தானியத் தீனி தின்னும் பருவத்தில் அளந்தபோது திசையே மாறி மைனஸ் பக்கம் போயிற்று. அதோடு, தீனிச் சிக்கனத்துக்கு ஐஜிஎஃப் ஒன்றே போதும் என்ற நம்பிக்கை போய்விட்டது.

ஏன் இப்படி? ஓரளவு காரணம் புரிகிறது. இளம் பருவத்தில் தின்னும் தீனி அதிகமும் எலும்புக்கும் தசைக்கும் போகிறது. பின்னால் கொழுப்புக்குப் போகிறது. மாடு அதேதான், உள்ளே நடக்கும் வேலை வேறு. முதல் வேலைக்குக் காலிப்ரேட் செய்த மீட்டரை இரண்டாவது வேலைக்கு மாட்டினால் அது காட்டுவது சரியாக இருக்கும் என்று யார் உத்தரவாதம் தர முடியும்? கொஞ்சம் மாடுகளை வைத்துக் கணக்கிட்ட தொடர்பில் பிழையின் அளவும் பெரிதாகவே இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது.

ஒரு வேலைக்கு ஆகாதது இன்னொன்றுக்கு ஆகலாம்

அதற்காக ஐஜிஎஃப் குப்பைக்குப் போய்விட்டதா என்றால் இல்லை. ஆஸ்திரேலியாவின் வடபகுதி வெப்பம் மிகுந்தது. அங்கே திமில் உள்ள பிராமன் இன மாடுகள் அதிகம். இந்த இனம் அமெரிக்காவில் உருவானது என்றாலும், அதன் மூதாதைகள் நம் இந்தியாவிலிருந்து போன ஓங்கோல், கிர், காங்க்ரேஜ் போன்ற மாடுகளே. பிராமன் கிடாரிகள் பருவத்துக்கு வரத் தாமதமாகும் என்பது அங்குள்ளவர்களுக்குப் பெரிய தலைவலி. ஐஜிஎஃப் அதிகமுள்ள கிடாரி வம்சங்கள் சீக்கிரம் பருவத்துக்கு வருகின்றன என்று அங்கே கண்டார்கள். தீனிக்கு உதவாத அதே மீட்டர், சினைக்கு ஒரு தகவல் சொல்கிறது!

இன்னொரு ஹார்மோன் ஆன்டி முல்லேரியன் ஹார்மோன். கிடாரியின் சூலகத்தில் எவ்வளவு கருமுட்டைப் பைகள் இருக்கின்றன என்பதற்கு இது நல்ல அடையாளம். பருவச் சுழற்சியின் எந்த நாளில் எடுத்தாலும் அளவு பெரிதாக மாறுவதில்லை என்பதால் ஒரு தடவை ரத்தம் எடுத்தாலே போதும். மரபாகவும் வருகிறது. முதல் இரண்டு கேள்வியில் சுலபமாகப் பாஸ். ஆனால் முட்டைப் பை அதிகம் இருப்பதும், வருஷா வருஷம் தவறாமல் கன்று போடுவதும் ஒன்றல்ல. மூன்றாவது கேள்வியை இங்கேயும் ஒவ்வொரு இனத்துக்கும் தனியாகக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

டிஎன்ஏ காலத்தில் ஹார்மோன் எதற்கு?

2001இல் மியூவிசென், ஹேய்ஸ், கோடார்ட் என்ற மூவர் ஒரு புதுக் கணக்கு முறையை வெளியிட்டார்கள். உடம்பு முழுவதும் உள்ள டிஎன்ஏ அடையாளங்களை ஒன்றாகச் சேர்த்து, கன்று பிறந்த உடனேயே அதன் மரபு மதிப்பைக் கணிக்கும் முறை அது. 2008 வாக்கில் ஒரே சிப்பில் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடையாளங்களைப் படிக்கும் வசதி மாடுகளுக்கு வந்துவிட்டது. தீனிக்கும் வயசுக்கும் டிஎன்ஏ மாறாது. பிறந்த அன்றே எடுக்கலாம்.

அப்படியானால் அளவீட்டுக்கு வேலை போய்விட்டதா? இல்லவே இல்லை. டிஎன்ஏ சிப் தானாக எதையும் சொல்லாது. இந்த அடையாளம் உள்ள மாடு எவ்வளவு தின்றது, அந்த அடையாளம் உள்ள கிடாரி எப்போது பருவத்துக்கு வந்தது என்று ஆயிரக்கணக்கான மாடுகளை உண்மையாகவே அளந்து வைத்தால்தான் அந்தக் கணக்கு ஓடும். ஒரு நாட்டு மாட்டில் கற்ற கணக்கை வேறு இனத்துக்குப் போட்டால் அங்கேயும் பிழை வரும். ஆக மீட்டர் மாறியிருக்கிறது, காலிப்ரேஷன் வேலை அப்படியேதான் இருக்கிறது. தராசும் நோட்டும் பிடித்துக்கொண்டு கொட்டிலில் நிற்கும் ஆள் இன்றைக்கும் தேவை.

முடிவுரை

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துக்கொள்வோம்.

1. ஹார்மோன் அளவு ஒரு மறைமுக அளவீடு. அலையாக வரும் வளர்ச்சி ஹார்மோனைவிட நிதானமான ஐஜிஎஃப் 1 அளப்பதற்கு ஏற்றது.
2. ஐஜிஎஃப் நன்றாகவே பரம்பரையாக வருகிறது. இதை ஓஹியோ சோதனை காட்டியது.
3. ஒரே தீனி, ஒரே வயசு, ஒரே சூழ்நிலையில் வளர்ந்தவற்றுக்குள் மட்டுமே ஒப்பிட வேண்டும்.
4. மலிவான பரிசோதனை நேரடி அளவீட்டையே ஜெயிக்கலாம். ஆனால் மரபுத் தொடர்பு பலமாக இருந்தால்தான்.
5. அந்தத் தொடர்பு இனத்துக்கு இனம், பருவத்துக்குப் பருவம் மாறும். திரும்பத் திரும்பச் சரிபார்க்க வேண்டும்.

நண்பர்களே, நாளைக்கு நாம் ஏதாவது ஒரு தொழிற்சாலையில் பேனல் முன்னால் உட்காரப் போகிறோம். முள் ஓர் எண்ணைக் காட்டும். "மீட்டர் சரியாக வேலை செய்கிறதா?" என்று எல்லோரும் கேட்பார்கள். நல்ல டெக்னீஷியன் இன்னொரு கேள்வியும் கேட்பான்: "இந்த மீட்டர், நமக்கு வேண்டியதைத்தான் அளக்கிறதா?" இரண்டாவது கேள்வியைக் கேட்கத் தவறினால் ஆஸ்திரேலியாவில் மந்தை கெடும், நம்ம ஊரில் பாய்லர் கெடும். மனுஷர்கள் விஷயத்தில் கேட்கத் தவறினால் ஒரு தலைமுறையே கொட்டிலுக்கு வெளியே நின்றுவிடும். அளக்கக் கற்றுக்கொள்வோம். எதை அளக்கிறோம் என்று கேட்கவும் கற்றுக்கொள்வோம்.